ஹார்லெமின் ஷாம்பர்க் மையம்: மூன்று நாள் வாசகரின் மதிப்புரை

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 135ஆம் தெருவும் மால்கம் எக்ஸ் பெருஞ்சாலையும் கூடும் மூலையில் இருக்கிறது ஷாம்பர்க் மையம். இது நியூயார்க் பொது நூலகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வு நூலகம். ஆப்பிரிக்க வம்சாவளியினர் எழுதியவை, அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை, அவர்கள் தீட்டியவை, பாடியவை, எடுத்த ஒளிப்படங்கள் என 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இங்கே பாதுகாக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் முதுகலை மாணவர்களுக்கு ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியம் கற்பிக்கும் நான், பல ஆண்டுகளாகத் தொகைநூல்களையும் அவற்றின் ஒளிநகல்களையும் மட்டுமே நம்பிப் பாடம் நடத்தி வந்தேன். நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது மூன்று நாள்களை இதற்கென்றே ஒதுக்கி, காலையில் போய் மாலையில் திரும்பினேன். ஆப்பிரிக்கப் புலம்பெயர்ந்தோர் ஆய்வு, கலை, பண்பாடு ஆகியவற்றைக் கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கு இந்த நூலகம் எவ்வளவு தூரம் துணை நிற்கிறது, நம் ஊரிலிருந்து அதைப் பயன்படுத்த நினைப்பவருக்கு எது எளிது, எது கடினம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

‘புலம்பெயர்ந்தோர்’ என்ற சொல்லை வேறு நல்ல சொல் கிடைக்காததால்தான் பயன்படுத்துகிறேன். அட்லாண்டிக் கடலைக் கடக்கக் கப்பலேற்றப்பட்ட ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் தாமாகப் பெயர்ந்தவர்கள் அல்லர், பிடித்துச் செல்லப்பட்டவர்கள். அவர்களுள் சுமார் 18 லட்சம் பேர் கரை சேராமலே மாண்டனர். வகுப்பில் இந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் இந்த வேறுபாட்டை நான் சொல்லாமல் விடுவதில்லை.

சென்று சேர்வது எளிது. 2, 3 எண் சுரங்க ரயில்கள் நிற்கும் 135ஆம் தெரு நிலையத்தின் படியேறினால் எதிரெதிராக ஹார்லெம் மருத்துவமனையும் இந்த மையமும் நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் பெயரிலான அரங்கத்துக்கு முன்னுள்ள கூடத்தின் தரையில், ஆறுகளும் வட்டங்களும் பின்னிய ஒரு பெரிய வரைபடம் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆறுகளைப் பற்றி ஹியூஸ் இளமையில் எழுதிய புகழ்பெற்ற கவிதையை வைத்து அமைக்கப்பட்டது அது. அதன் அடியில்தான் அவருடைய அஸ்தி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வட்டத்தின் விளிம்பில் சற்று நேரம் நின்றேன். ஒரு கவிஞரை ஒரு நூலகத்தின் தரைக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அந்தத் தரையில் காலை எங்கே வைப்பது என்று தயங்கி நிற்பது வேறு.

இந்தச் சேவையின் தரத்தைப் புரிந்துகொள்ள அது உருவான விதத்தைச் சொல்லியாக வேண்டும். 1905இல் ஆண்ட்ரூ கார்னெகியின் நன்கொடையால் எழுந்த சாதாரணக் கிளை நூலகம்தான் இதன் தொடக்கம். 1920இல் எர்னஸ்டைன் ரோஸ் அதன் தலைமை நூலகராக வந்தார். அக்கம்பக்கத்தில் குடியேறிக்கொண்டிருந்த கறுப்பின மக்களுக்கு ஏற்றபடி பணியாளர்களையும் நூல்களையும் மாற்றத் தொடங்கினார். அதே ஆண்டில் பணியில் சேர்ந்த கேத்தரின் லாட்டிமர், நியூயார்க் பொது நூலகம் நியமித்த முதல் கறுப்பின நூலகர். 1925இல் கறுப்பினத்தவரின் இலக்கியம், வரலாறு, அச்சுப்படங்கள் ஆகியவற்றுக்கெனத் தனிப் பிரிவு திறக்கப்பட்டது. மறு ஆண்டு கார்னெகி அறநிலை 10,000 டாலர் கொடுத்து ஒரு தனிமனிதரின் சேகரிப்பை வாங்கி இந்த நூலகத்துக்கு வழங்கியது.

அந்தத் தனிமனிதர்தான் ஆர்த்துரோ அல்ஃபோன்சோ ஷாம்பர்க். 1874இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, 1891இல் நியூயார்க் வந்து, வங்கி ஒன்றின் அஞ்சல் பிரிவில் வேலை பார்த்தவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர். கறுப்பினத்தவருக்கு வரலாறே இல்லை என்று பள்ளியில் ஓர் ஆசிரியர் சொன்னதுதான் அவரைத் தேடலில் இறக்கியது என்பார்கள். சம்பளப் பணத்தில் பழைய புத்தகக் கடைகளைத் துழாவி, கடிதம் எழுதி, நண்பர்களிடம் சொல்லிவைத்து அவர் திரட்டியவை 5,000க்கும் மேற்பட்ட நூல்கள், 3,000 கையெழுத்துப் படிகள், 2,000 ஓவியங்களும் செதுக்குப் படங்களும், இவை போக ஆயிரக்கணக்கான துண்டு வெளியீடுகள். சேகரிப்பை விற்ற பணத்திலும் ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்த ஆப்பிரிக்கர்களின் தடங்களைத் தேடினார். 16ஆம் நூற்றாண்டில் கிரனாடாவில் வாழ்ந்து லத்தீனில் பாடிய ஆப்பிரிக்கக் கவிஞர் ஹுவான் லத்தினோவின் 1573ஆம் ஆண்டு நூல் இன்று இந்த மையத்தில் இருக்கிறது. 1932 முதல் 1938இல் இறக்கும் வரை தம் சேகரிப்புக்குத் தாமே காப்பாளராகவும் இருந்தார். நம் ஊரில் ரோஜா முத்தையா செட்டியார் கோட்டையூரில் தனியாளாகத் திரட்டிய நூல்கள், இன்று சென்னையில் ஆய்வாளர்கள் கூடும் நூலகமாக நிற்பதை அறிந்தவர்களுக்கு இந்த மனிதரின் பிடிவாதம் அந்நியமாகத் தோன்றாது.

பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையைப் பாடமாக ஏற்றுக்கொண்டது மிகவும் பிந்தித்தான். சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பரில் தொடங்கி மறு ஆண்டு மார்ச் வரை நீண்ட மாணவர் போராட்டத்துக்குப் பிறகுதான் அங்கே கறுப்பின ஆய்வுத் துறை உறுதிப்பட்டது. அடுத்தடுத்துப் பல வளாகங்களில் அத்தகைய துறைகள் தோன்றின. முதல் முனைவர் பட்டத் திட்டம் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1988இல் வந்தது. புதிதாகத் தோன்றிய இந்தத் துறைகளுக்கு என்ன நூல்கள் வாங்க வேண்டும், எவை இருக்கின்றன என்று காட்ட ஒரு வழிகாட்டி தேவைப்பட்டபோது, அது ஏற்கெனவே ஹார்லெமில் தயாராக இருந்தது. ஷாம்பர்க் தொகுப்பின் அட்டவணை அட்டைகள் முழுவதும் 1962இலேயே ஒன்பது பெரிய தொகுதிகளாக அச்சாகியிருந்தன. அன்றைய காப்பாளர் ஜீன் பிளாக்வெல் ஹட்சன் 1964இல், கானா அதிபர் குவாமே என்க்ருமாவின் அழைப்பின் பேரில் கானா பல்கலைக்கழகத்துக்கே சென்று, அங்கே ஆப்பிரிக்க நூல்தொகுப்பை உருவாக்க உதவினார். ஒரு நகரத்துப் பொது நூலகத்தின் பணியாளர் ஒரு புதிய நாட்டின் பல்கலைக்கழகத்துக்கு அடித்தளம் இட்டுக் கொடுத்த இந்தச் செய்தி, பாடநூல்களில் ஒரு வரிகூடப் பெறாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

முதல் நாள், ஹட்சன் பெயரால் வழங்கும் ஆய்வு, பார்வை நூல் பிரிவில் கழிந்தது. ஹார்லெமின் வாடகைப் போராட்டங்களைப் பற்றி 1930களில் வெளியான கட்டுரைகளைத் தேடி, கணினி அட்டவணையில் இன்று வழங்கும் தலைப்புச் சொற்களைக் கொடுத்துப் பார்த்தேன். எதிர்பார்த்ததில் கால்பங்குகூட வரவில்லை. மேசையில் இருந்த நூலகர் நான் தேடிய சொல்லைப் பார்த்துவிட்டு, பழைய பதிவுகளுக்குப் பழைய தலைப்புகளையே கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘நீக்ரோக்கள்’ என்ற தலைப்பை 1976இல் ‘ஆஃப்ரோ அமெரிக்கர்கள்’ என்றும், 2000இல் ‘ஆப்பிரிக்க அமெரிக்கர்கள்’ என்றும் மாற்றியது. எந்தக் காலத்தில் எழுதப்பட்ட பதிவு என்பதை ஊகித்து அந்தக் காலத்தின் சொல்லால் தேடினால்தான் கைக்கு வரும். மூன்று சொற்களாலும் தேடியபோது பட்டியல் திரையை நிறைத்தது. இந்த ஒரு பாடத்துக்காகவே நான் போய்வந்த பயணம் தகும்.

நூலகத்தில் பெயரிடுவது எவ்வளவு பெரிய செயல் என்பதற்கு வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் நூலகர் டோரத்தி போர்ட்டர் இன்னொரு சாட்சி. 1930 முதல் அங்கே பணியாற்றிய அவர், அன்றைய நூலகங்கள், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி பகுப்பு முறையில் கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் கவிதை நூலைக்கூட 325 என்ற குடியேற்ற எண்ணிலோ 326 என்ற அடிமை முறை எண்ணிலோ போட்டுவைத்திருந்ததைக் கண்டார். கவிதையைக் கவிதை வரிசைக்கும் வரலாற்றை வரலாற்று வரிசைக்கும் அவரே மாற்றி அடுக்கினார். ஒரு துறையின் பாடத்திட்டம் எழுதப்படுவதற்கு முன்பே அலமாரியில் அது எழுதப்பட்டுவிடுகிறது. ஷாம்பர்க் மையத்திலும் அந்த உழைப்பின் தடம் தெரிகிறது. லாட்டிமர் தொடங்கிவைத்த செய்தித்தாள் நறுக்குகள் 1925 முதல் 1974 வரை பொருள்வாரியாகச் சேர்க்கப்பட்டு, இப்போது நுண்பட அட்டைகளாகக் கிடைக்கின்றன. திருச்சபைகள், அழகு நிலையங்கள், அடக்கச் சடங்குகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் என்று பிரிந்து பிரிந்து செல்லும் அந்தக் கோப்புகளில், பல்கலைக்கழகங்கள் ஆய்வுக்குரியவை என்று ஒப்புக்கொள்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஒரு கிளை நூலகர் ஒப்புக்கொண்டுவிட்ட பொருள்களைப் பார்த்தேன்.

இரண்டாம் நாளுக்கு முன்னதாகவே அனுமதி பெற்றிருந்தேன். கையெழுத்துப் படிகள், ஆவணங்கள், அரிய நூல்கள் பிரிவுக்கு நேரம் குறித்துக்கொண்டே செல்ல வேண்டும். அங்கே பென்சிலால் மட்டுமே குறிப்பெடுக்கலாம். நான் கேட்டது, பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் கூட்டாட்சி அரசின் எழுத்தாளர் திட்டத்தில் வேலை பெற்றவர்கள் நியூயார்க்கின் கறுப்பினத்தவரைப் பற்றித் திரட்டிய தட்டச்சுப் பக்கங்கள். பின்னாளில் நாவலாசிரியராகப் பெரும்புகழ் பெறவிருந்த ரால்ஃப் எலிசனும் அதில் கூலிக்கு எழுதியவர்களுள் ஒருவர். நுண்படச் சுருளில் பார்க்கும்போதும் தட்டச்சு எழுத்துகளின் அழுத்தம் மாறுபடுவதும், ஒரு வரியை அடித்து மேலே கையால் எழுதியிருப்பதும், பக்க எண் இரண்டு முறை திருத்தப்பட்டிருப்பதும் தெரிந்தன. தொகைநூலில் கட்டுரை வழவழப்பாக அமர்ந்திருக்கிறது. இங்கே அதை எழுதியவர் எந்த இடத்தில் தயங்கினார் என்பதே கண்ணுக்குத் தெரிகிறது. மாணவர்களுக்கு மூலத்தைக் காட்ட வேண்டும் என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான்.

இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் 1940இல் தொடங்கிய அமெரிக்க நீக்ரோ நாடகக் குழு நடித்தது. சிட்னி பாய்ட்டியே, ஹாரி பெலஃபான்டே, ரூபி டீ ஆகியோர் அங்கே உருவானவர்கள். பெலஃபான்டேயின் ஆவணத் தொகுப்பு 2020இல் இந்த மையத்துக்கே வந்து சேர்ந்தது. இந்த இடத்துக்காகவே 1934இல் ஆரன் டக்ளஸ் தீட்டிய நான்கு பெரிய ஓவியங்களை ஓய்வு நேரங்களில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுள் ஒன்றில், ராட்சதப் பல்சக்கரத்தின் மேல் நிற்கும் ஒருவன் சாக்ஸஃபோனை வானத்தை நோக்கி உயர்த்திப் பிடித்திருக்கிறான். அவனைச் சுற்றி வானளாவிய கட்டடங்கள் சாய்ந்து நிற்கின்றன. குளத்தில் கல் விழுந்ததைப் போல ஒளி வட்டம் வட்டமாக விரிகிறது. தொலைவில், விரலளவில், சுதந்திர தேவியின் சிலை. தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கே வந்த கறுப்பின மக்களின் நம்பிக்கையும் அவர்களைக் கீழே இழுக்கும் கைகளும் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன.

பல்கலைக்கழகங்களுக்கு நேரடியாகச் செய்யும் பணிகளில் தலையாயது 1986இல் தொடங்கிய உறைவிட ஆய்வாளர் திட்டம். தேர்ந்தெடுக்கப்படுவோர் பல மாதங்கள் உதவித்தொகையுடன் இங்கேயே அமர்ந்து எழுதலாம். தங்கள் அத்தியாயங்களைத் தங்களுக்குள் வாசித்து விவாதிக்கலாம். இளங்கலை மாணவர்களுக்கான கோடைப் பயிலகம் ஒன்றையும் மையம் நடத்தியிருக்கிறது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தை ஆராய்வதற்கென்றே 2014இல் லாப்பிடஸ் மையம் இதற்குள் நிறுவப்பட்டது. பேராசிரியர் பதவிகளும் கட்டடங்களும் நன்கொடையாளர்களை எளிதாகக் கவர்கின்றன. ஒரு பெட்டித் தாள்களைப் பிரித்து, அமிலம் இல்லாத உறையிலிட்டு, வழிகாட்டிப் பட்டியல் எழுதும் வேலைக்குப் பணம் கேட்டால் யார் தருவார்கள்? ஆனால் அந்தப் பட்டியல் இல்லாமல் எந்த ஆய்வேடும் எழாது. இந்தத் துறைக்கு உதவ விரும்புகிற எவரும் முதலில் ஆவணப் பணிக்கு உதவ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேரில் செல்ல இயலாதவர்களுக்கு நியூயார்க் பொது நூலகத்தின் எண்மத் தொகுப்பு இருக்கிறது. காப்புரிமை முடிந்த படங்களை 2016 முதல் அனுமதி கேட்காமலே முழுத் தெளிவில் தரவிறக்கலாம். வகுப்பறைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ‘பச்சை நூல்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பயண வழிகாட்டியின் பதிப்புகள். ஹார்லெமைச் சேர்ந்த அஞ்சல்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் தொடங்கிய இந்தக் கையேடு, நிறப்பாகுபாடு நிலவிய நாட்டில் கறுப்பினப் பயணி எந்த ஊரில் எந்த வீட்டில் இரவு தங்கலாம், எங்கே உண்ணலாம், எங்கே முடி வெட்டிக்கொள்ளலாம், எந்தப் பட்டறையில் காரைப் பழுது பார்க்கலாம் என்று ஊர் ஊராகப் பட்டியலிட்டது. விடுதி இல்லாத ஊர்களில் சில பெண்களின் பெயரும் வீட்டு முகவரியும் மட்டுமே இருக்கும். அந்தப் பெண்கள் தங்கள் வீட்டு அறையை இரவுக்கு விட்டவர்கள். சில பெரிய ஊர்களுக்கு நேரே இரண்டே வரிகள்தாம். அந்த வெற்றிடமே பாடம். எங்களுக்குச் சம உரிமை கிடைத்து இந்த வழிகாட்டி தேவைப்படாத நாள் வரும் என்ற பொருள்படும் முன்னுரை 1948 பதிப்பில் இருக்கிறது. பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் வந்தது 1964இல். பதிப்புகள் 1966க்குப் பின் நின்றுபோயின. எந்தத் திறனாய்வுக் கோட்பாடும் சொல்லாமலே இந்தப் பக்கங்களை மாணவர்கள் புரிந்துகொள்வார்கள்.

நமக்கு நெருக்கமான இன்னொன்றும் உண்டு. அட்லாண்டிக்கோடு நின்றுவிடாமல், இந்தியப் பெருங்கடல் வழியே சென்ற ஆப்பிரிக்கர்களைப் பற்றி இந்த மையம் ஓர் இணையக் கண்காட்சியை உருவாக்கியது. 2013இல் இந்தியாவில் ஆப்பிரிக்கர்கள் என்ற பொருளில் தன் கூடத்திலேயே ஒரு கண்காட்சியையும் நடத்தியது. எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டு, அகமத்நகர் அரசையே நடத்துமளவு உயர்ந்து முகலாயரை எதிர்த்த மாலிக் அம்பர் அதில் முக்கிய இடம் பெற்றவர். இலங்கையின் புத்தளத்தை அடுத்த சிறம்பியடியில் மஞ்சா இசையைப் பாடிவரும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களைப் பற்றியும் தமிழில் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும். அதற்கு இந்தக் கண்காட்சி நல்ல தொடக்கப்புள்ளி.

குறைகளும் சொல்லப்பட வேண்டும். தொகுப்பின் மிகச் சிறிய பகுதியே இணையத்தில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் ஆவணங்களில் பெரும்பகுதி காப்புரிமைக்குள் அடங்கியதால் இந்த நிலை விரைவில் மாறாது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து ஆய்வேடு எழுதுபவருக்கு வழிகாட்டிப் பட்டியல் வரையில்தான் கதவு திறக்கும். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் தாள்கள் 2017இல் இங்கு வந்தபோதும் அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் சில 20 ஆண்டுகளுக்கு மூடிவைக்கப்பட்டன. குடும்பத்தாரின் விருப்பம் மதிக்கத்தக்கதுதான். ஆனால் அவரைப் பற்றி ஆய்வு செய்பவர் முன்பே இதை அறிந்திருக்க வேண்டும். எல்லாத் தாள்களும் ஹார்லெமில்தான் இருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. அஸ்தி இங்கே இருக்கும் ஹியூஸின் தாள்களில் பெரும்பகுதி யேல் பல்கலைக்கழகத்திலும், நாவலாசிரியர் டோனி மாரிசனின் தாள்கள் பிரின்ஸ்டனிலும், வரலாற்றாய்வாளர் டு பாய்ஸின் தாள்கள் ஆம்ஹர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. இவற்றுள் டு பாய்ஸ் தொகுப்பு எண்மமாக்கப்பட்டு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. அந்த அளவுக்கு ஷாம்பர்க் மையத்தின் தொகுப்புகளும் திறக்கப்பட்டால், கடல் கடந்து படிப்பவர்களுக்கு அது பேருதவியாகும்.

செல்ல நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே இணைய அட்டவணையில் தேடி, வேண்டிய பெட்டி எண்களைக் குறித்து, நேரமும் பெற்றுவிடுங்கள். தேடும்போது மூன்று காலத்துச் சொற்களையும் கொடுங்கள். முதல் நாளைப் பார்வை நூல் பிரிவின் நூலகர்களோடு பேசச் செலவிடுங்கள், உங்கள் கேள்வியையே அவர்கள் மேம்படுத்தித் தருவார்கள். மூன்றாம் நாள் பிற்பகலில் நான் ஒளிப்படப் பிரிவோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் உள்ள ஒலி, அசைபடப் பிரிவுக்கு நேரம் போதவில்லை. தெற்கு மாநிலங்களிலிருந்து ஹார்லெமுக்கு வந்த முதல் தலைமுறையினரின் குரலை என் மாணவர்கள் கேட்க வேண்டும். அடுத்த பயணத்துக்கான கோரிக்கைச் சீட்டில் அதையே முதல் வரியாக எழுதிவைத்திருக்கிறேன்.